நாலு செவ்வாய்க்கிழமை

இருபது வருடங்களுக்கு முன்பு, சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அறைத்தோழி மாரி என் ஊர்க்காரி, சங்கரன்கோவில் பக்கம். மாரியும் எங்கள் லைனில் வேலை பார்க்கும் மற்ற பெண்களும் செவ்வாய்தோறும் ஷிப்ட் முடிந்ததும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவார்கள். என்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

"நீ வாரது அவளுவளுக்குப் பிடிக்கலையாம்ட்டி. நான் சொன்னேன்னு கேட்டுராத" என்றாள் மாரி.

நான் கேட்கவில்லை. கேன்டீனிலும் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். மாரி கொண்டுவந்து தரும் விபூதியைப் பூசிக்கொண்டு படுத்துவிடுவேன்.

ஐந்தாவது வாரம், கை கழுவும் இடத்தில் லைனில் கூட வேலை பார்க்கும் கன்னியம்மா அக்கா மெதுவாகக் கேட்டார்: "இன்னாம்மா, நாலு செவ்வாயும் நீ வூட்டுக்குத் தூரம்னு மாரி சொல்லிச்சு. டாக்டராண்ட காட்டுனியா?"

கோபமோ அழுகையோ வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காதான் மூடினார். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த செவ்வாய் நானாகவே அவர்களோடு பஸ் ஏறினேன். மாரி சிரித்துக்கொண்டே பக்கத்து இடத்தைக் காட்டினாள். நான் அக்காவோடு உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் யாராவது 'நான் சொன்னேன்னு கேட்டுராத' என்றால், அன்றைக்கே போய்க் கேட்டுவிடுகிறேன். சொன்னவர் பெயரையும் சேர்த்தே சொல்லி.