மென்று கொடுத்த வாய்

கருங்கல்லில் கிணறு வெட்டினேன். "அந்தக் காட்டில் தண்ணி வந்தா நான் மீசையை எடுத்துக்கறேன்" என்று சொன்னவர், பிறகு மீசையோடே வந்து என் கிணற்றில் குளித்துவிட்டுப் போனார். ஓலைக் குடிசை இருந்த இடத்தில் ஓட்டு வீடு எழுப்பினேன். மழைக்கு ஓடை பெருகினால் ஊர் இரண்டாகிவிடும். அங்கே கல்பாலம் போட முதல் கல்லைச் சுமந்தவன் நான். புறம்போக்கு மாதிரிக் கிடந்த மேட்டு நிலத்தை மாந்தோப்பு ஆக்கினேன். பெண்களை நல்ல இடங்களில் கட்டிக் கொடுத்தேன். பட்டி நிறையச் செம்மறி வைத்தேன். எல்லாம் இந்த இரண்டு கையால்.

படிப்பு என்று பார்த்தால் மணலில் விரலால் எழுதியதோடு சரி. அதற்குமேல் போவதற்குள் ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தது பின்னாளில், ஆடு விற்கப் போன இடத்தில், செவ்வாய்ப்பேட்டைக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்து. மளிகைக் கடைதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

இதையெல்லாம் ஊரே சொல்லும். ஊர் சொல்லாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேலே சொன்ன அத்தனைக்கும் அடியில் சில நாய்க்குட்டிகள் இருக்கின்றன. அந்தக் குட்டிகள் தின்ற முதல் சோறு இருக்கிறது.

அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வயதுக்காரர்கள் எல்லாம் மண் சுமக்க அங்கே போய்விட்டார்கள். நான் போகவில்லை. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை கண்ணுக்கு எதிரே நிற்கிற ஒரு மானாவாரிக் காட்டில், நிலக்காரப் பண்ணாடி ஒருவரின் ஆடுகளை வாரத்துக்கு வளர்த்துக்கொண்டிருந்தேன். ஆடு அவருடையது, மேய்ப்பும் காவலும் என்னுடையது, பிறக்கிற குட்டியில் பாதி எனக்கு. அதுதான் வாரம். கூலிக்காரனாகப் பிறந்தவன் சொந்தமாக ஒரு பட்டி வைக்க எங்கள் பக்கம் இருந்த ஒரே வழி அது.

பட்டியைச் சுற்றி மூங்கில் படல் இருக்கும். படல் ஆட்டை வெளியே போகவிடாது. ஓநாயை உள்ளே வரவிடாமல் செய்வது நாய். என்னிடம் ஒரு செவலைப் பெட்டை இருந்தது. என் அப்பன் காலத்திலிருந்து வருகிற வம்சம். ஆட்டுக்குட்டிகள் அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கும். அது மூச்சைக்கூட மெதுவாக விடும். அப்படிப்பட்ட நாய், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், விறகுக் குவியலுக்கு அடியில் கிடந்த விரியன் தீண்டிச் செத்துப்போனது. ஐந்து குட்டிகளை விட்டுவிட்டுப் போனது. கண் திறந்துவிட்டது, ஈறில் பல் நொய் அரிசி மாதிரி எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் கேட்டுப் பண்ணாடி வந்தார்.

"ஏப்பா, நாய் போயிருச்சாமா?"

"ஆமாங்க பண்ணாடி. குட்டி அஞ்சு இருக்குதுங்க."

"இதுக குலைக்கப் பழகறதுக்குள்ள ஓநாய் பேரன் பேத்தி எடுத்துரும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மார்கழில ஆடு ஈனும். அந்த வாசத்துக்கு மலையடியில இருந்து எறங்கும். அதுக்குள்ள காவலுக்கு நாய் நிக்கோணும். நிக்கலைன்னா ஆட்டை நான் ஓட்டிக்கறேன். கோவிச்சுக்காத சாமி" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு நாய் பிடித்து வந்தால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தெருவில் வளர்ந்த நாய் பட்டிக்கு வந்தால் முதலில் கடிப்பது ஆட்டுக்குட்டியைத்தான். ஆட்டு வாசத்தில் கண் விழித்த நாய்தான் ஆட்டைத் தன் கூட்டம் என்று நினைக்கும். ஆகவே என் பிழைப்பு அந்த ஐந்து குட்டிகளின் வயிற்றில் இருந்தது.

முதலில் கம்பங்கூழ் ஊற்றினேன். நாங்கள் எல்லாம் குடித்து வளர்ந்தது அதுதானே என்ற நினைப்பு. நன்றாகப் புளித்த கூழ், உப்புப் போட்டது. வயிறு மத்தளமாக ஊதி, கழிச்சல் எடுத்து, இரண்டு குட்டிகள் போய்விட்டன. மிச்சம் மூன்று. அதில் ஒன்று முன்னங்கால் மட்டும் வெள்ளையாக, எலிக்குஞ்சு போல இருந்தது.

பால்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பட்டியில் பாலுள்ள ஆடுகள் இருந்தன. ஆனால் செம்மறிப் பாலை நாய்க்குக் காட்டக் கூடாது, ருசி கண்ட நாய் பிற்காலத்தில் காம்பைக் கடிக்கும் என்பது பட்டிக்காரர்களின் கட்டு. அதை மீற எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்துக் காட்டில் குடியிருந்த என் அக்காவிடம் கறவை வெள்ளாடு ஒன்று இருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்றா தம்பி, காலங்காத்தால செம்போட நிக்கறே? கொழந்தைக்குப் பாலு பத்துலயா?"

"நாய்க்குட்டிக்கு, அக்கா."

"நல்லா இருக்குது போ! என்ற பையன் மோர்த்தண்ணி குடிக்கறான், உன்ற நாய்க்கு ஆட்டுப்பாலு கேக்குதா? நாளைக்கு அதுக்குத் தொட்டில் கட்டச் சொல்லுவே!"

வாய் இப்படித் திட்டிக்கொண்டிருக்கும்போதே கை கறந்துகொண்டிருந்தது. செம்பு நிறைந்த பிறகும் அவள் திட்டி முடிக்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷி. அவள் ஆடு பால் வற்றும் வரைக்கும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தாள். அந்தக் கடன் எனக்கு இன்னும் தீரவில்லை.

பாலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் என் மனைவி ஊட்டினாள். எதில் ஊட்டினாள் என்பதில்தான் வம்பு வந்தது. எங்கள் கைக்குழந்தைக்கு ஊற்றுகிற சங்கிலேயே ஊற்றினாள். அக்கா பார்த்துவிட்டாள்.

"அடிப் பாவி! கொழந்த வாயில வெக்கற சங்கை நாய் வாயிலயா வெக்கறே?"

என் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "சங்கைக் கழுவிக்கலாமுங்க நங்கையா. ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்கன்னா, அந்தச் சங்குல ஊத்தறதுக்கு நம்ம ஊட்டுல என்ன இருக்குது?"

அக்கா மறுநாள் காலையில் ஓரம் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சங்கை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தொட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனாள்.

பாலுக்கு அடுத்தது ராகிப் பால். குழந்தைக்குச் செய்கிற அதே பக்குவம்தான். ராகியை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, அம்மியில் வெண்ணெயாக அரைத்து, என் பழைய வேட்டியில் வடிகட்டி, கட்டி விழாமல் துழாவிக் காய்ச்ச வேண்டும். குழந்தைக்குப் போடுகிற முளைராகியோடு இன்னும் ஒரு கை சேர்த்துப் போட்டாள். குழந்தையின் பங்குக்கு வெல்லம், குட்டிகளின் பங்குக்கு ஆட்டுப்பால். முதலில் விரலில் தொட்டு நாக்கில் தடவினோம். பிறகு கொட்டாங்குச்சியில் வைத்தோம். மூக்கை முக்கித் தும்மி, காலை உள்ளே வைத்து, அதிலேயே உருண்டு, கடைசியில் நக்கக் கற்றுக்கொண்டன. நக்கக் கற்ற அன்று என் மனைவி என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது.

ஆனாலும் விலா எலும்பு தெரிந்தது. பல் வந்துவிட்டது, கெட்டியாக ஏதாவது வேண்டும். களியை உருட்டிப் போட்டால் விழுங்கின, அப்படியே கழிந்தன. சாமைச் சோறும் அதே கதை. அங்கேதான் முட்டி நின்றோம்.

ஒரு மத்தியானம். என் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோற்றை மென்று, விரல் நுனியில் எடுத்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். பார்த்துக்கொண்டே இருந்த எனக்குச் செவலையின் முந்தின ஈத்து நினைவுக்கு வந்தது. அப்போது அது வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து குட்டிகளுக்கு முன்னால் கக்கும். குட்டிகள் ஓடிவரும். நாங்கள் அதை நோவு என்று நினைத்தோம். அக்கா கண்ணேறு என்றாள். குட்டிகளை விரட்டிவிட்டு, கக்கியதன் மேல் சாம்பலைக் கொட்டி மூடி, நாய்க்கு வசம்பு உரசி ஊற்றினோம். எங்கள் பக்கம் எந்தப் பட்டியிலும் அப்படித்தான் செய்வார்கள். அது நோவே இல்லை! அந்த நாய் வயிற்றை அடுப்பாக்கிக் குட்டிகளுக்குச் சோறு குழைத்துக்கொண்டுவந்து வைத்திருக்கிறது.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் தலையில் உதித்தது. துள்ளி எழுந்தேன்.

அன்று பண்ணாடி வீட்டில் கிடாய் வெட்டி, ஈரலில் ஒரு துண்டு எனக்கும் கொடுத்திருந்தார்கள். உப்புப் போடாமல் அவித்து, களியோடு சேர்த்து வாயில் போட்டு, கூழாக மென்று ஆமணக்கு இலையில் வைத்தேன். மூன்றும் பாய்ந்து தின்றன. இலையையே நக்கின. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

முறுக்கிய கை இறங்குவதற்குள் எச்சில் வடிய ஆரம்பித்தது. கால் பின்னி, தள்ளாடி, தின்றதைக் கக்கின. வெள்ளைக்கால் ஒருக்களித்து விழுந்துவிட்டது. விரியன்தான் மறுபடி வந்துவிட்டது என்று காலையும் காதையும் புரட்டிப் பல் பட்ட இடம் தேடினேன். என் மனைவி இலையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வாயைத் தொறங்க."

"எதுக்கு?"

"தொறங்கங்கறேன்!"

திறந்தேன். கன்னத்தில் புகையிலை.

"இதோடயா மென்னு குடுத்தீங்க?"

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஆம்பிளைக்குப் புகையிலை கன்னத்தில் இன்னொரு சதை மாதிரி. கோயிலுக்குள் போகும்போதும் சாப்பிட உட்காரும்போதும்தான் துப்புவான். நான் சாப்பிட உட்காரவில்லையே, நாய்க்குத்தானே மென்றேன். அது அங்கே இருக்கிற நினைப்பே எனக்கு இல்லை.

வெதுவெதுப்பான தண்ணீரும் பாலும் சொட்டுச் சொட்டாக விட்டோம். இரண்டு குட்டிகள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தன. வெள்ளைக்காலைக் குழந்தையின் பழந்துணியில் சுற்றி, மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள் என் மனைவி. மறுநாள் உச்சி வெயிலில்தான் அது தலையைத் தூக்கி அவள் கட்டைவிரலைச் சப்பியது. புகையிலைப் பையை அப்போதே அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு பட்ட பாடு! தலை இடித்தது, கை நடுங்கியது, ஆட்டைப் பார்த்தாலும் கோபம், ஆளைப் பார்த்தாலும் கோபம். அக்கா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெத்தவளுக்குப் பத்தியம் கேள்விப்பட்டிருக்கறேன். நாய்க்குட்டி பெத்த ஆம்பளைக்குப் பத்தியம் இப்பத்தான் பாக்கறேன்."

சொல்லிவிட்டு முந்தானையை அவிழ்த்துப் பொரிகடலையைக் கொட்டினாள். "வாய் நமநமங்கறப்ப இதை மெல்லு, சாமி."

சந்தைக்குப் போகிற வழியில் கேலி ஓயவில்லை. "என்னங்க, குட்டிக சௌக்கியமா? தாய்க்குப் பால் சுரக்குதுங்களா?" என்பார்கள். நான் வாயைக் கொப்பளித்து, உப்பும் காரமும் இல்லாத களியை மென்று மென்று கொடுத்தேன். நாள் போகப் போகக் கொஞ்சம் திப்பியாக, பிறகு கையால் பிசைந்து, பிறகு மோரில் கரைத்த களி, பிறகு எலும்பு. ஐப்பசி மழை பிடிக்கும்போது என் வாய்க்கு வேலை முடிந்தது. மூன்றும் தாமே தின்றன. பட்டிக்குள்ளேயே படுத்து ஆட்டோடு ஆடாகக் கிடந்தன.

மார்கழியில் ஈத்துத் தொடங்கியது. செய்தி கேட்டுப் பண்ணாடி விடியும்போதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார். பனியில் படல்கூடச் சரியாகத் தெரியவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் ஆடுகள் ஒரே பக்கமாக ஒதுங்கின. சோளத்தட்டை ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று தாழ்ந்து நின்றது. என் கை தடியைத் தேடியது. அதற்குள் வெள்ளைக்கால் படலைத் தாண்டியிருந்தது. கழுத்து மயிர் சிலிர்க்க, அதுவரை நான் கேட்காத குரலில் குரைத்துக்கொண்டு நேராகப் போய் நின்றது. மற்ற இரண்டும் இரண்டு பக்கமும் போய் நின்றன. அந்தச் சாம்பல் நிறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தட்டைக்குள் போய் மறைந்தது.

"அடேயப்பா! அன்னைக்குக் கையளவு கெடந்ததுகளா இதுக? என்னத்தப் போட்டு வளத்தே?"

நான் வாயைத் திறந்து காட்டினேன். அவர் கம்பளிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆடு உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஈத்தில் என் பாதியாக வந்த குட்டிகள்தான் கிணறாயின, ஓடாயின, மாந்தோப்பாயின.

வெள்ளைக்கால் பிறகு குட்டி போட்டது. தின்றுவிட்டு வந்து குட்டிகளுக்கு முன்னால் கக்கியது. யாரும் சாம்பல் கொட்டவில்லை. அக்காவே தள்ளி நின்று, "தின்னுங்க, தின்னுங்க" என்றாள். அந்த ஈத்தில் ஒரு குட்டியைப் பண்ணாடி கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வழியாகச் சம்பந்திகளுக்குப் போனது, பள்ளிபாளையம் வரைக்கும் பட்டி பட்டியாகப் பரவியது. இன்றைக்கு அந்த வம்சத்துக்குப் பெயர் 'பண்ணாடி ஊட்டு நாய்'. அவர் அப்படிச் சொல்லிக்கொண்டவர் இல்லை. எனக்குக் காலம் கொடுத்த மகராசன், அவர் மேல் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். சொல்வது ஊர்.

எனக்கு இந்த வயதிலும் கரும்பு கடிக்கப் பல் இருக்கிறது. என்னோடு புகையிலை போட்டவர்கள் கஞ்சிக்குப் போய்விட்டார்கள். பல் அந்த மூன்று குட்டிகள் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்லிவிட்டேன். நன்றி கேட்க வேண்டிய முறை இனி என்னுடையது. பால் என் அக்காவின் ஆட்டுப் பால், ராகி அரைத்ததும் மடியில் வைத்து உயிர் பிடித்ததும் என் மனைவி. அவர்கள் பங்கை யாரும் தொடக் கூடாது. ஆனால் நாயின் வாந்தி நோவில்லை என்று கண்டது நான். புகையிலையை விட்டு, ஊர் சிரிக்க மென்று கொடுத்தது என் வாய். இனி எந்தப் பட்டியில் அந்த வம்சத்துக் குட்டியைக் கைமாற்றினாலும், வாங்குகிறவனிடம் அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.