பூண்டு விதையில் ஒட்டிய மாவு

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நான் ஒப்பந்த வேலை பார்த்தபோது, கனமான எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்க உதவும் வினையூக்கிப் பொடியை ‘மாவு’ என்றுதான் சொல்வோம். எண்ணெயோடு வரும் நிக்கலும் வனேடியமும் அதன்மேல் கொஞ்சங்கொஞ்சமாகப் படியும். ஒரு கட்டத்துக்கு மேல் அது சரியாக வேலை செய்யாது. “மாவு செத்துப்போச்சு” என்று சொல்லி, முகமூடி மாட்டிக்கொண்டு டிரம்மில் அடைப்போம்.

அந்த மாவை மலைமேல் வில்பட்டியில் தங்கச்சி வீட்டு முற்றத்தில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

மாப்பிள்ளை வத்தலக்குண்டில் ஒரு பழைய டிரம் வாங்கி வந்திருந்தார், தண்ணீர் பிடித்து வைக்க. அடியில் சாம்பல் நிறப் பொடி கிடந்திருக்கிறது. அவர்கள் வீட்டில் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு, நடுவதற்கு முன் சாம்பலில் புரட்டுவார்கள். சும்மா கிடைத்த சாம்பல்தானே என்று, பாதி விதையை அந்தப் பொடியில் புரட்டிவிட்டார்.

டிரம்மில் மிச்சமிருந்த பொடியைக் குச்சியால் கிளறினேன். பொடி தண்ணீர் மாதிரி வழிந்து குழியை மூடியது. அடுப்புச் சாம்பல் அப்படி வழியாது. டிரம்மைத் திருப்பினால், பாதி சுரண்டிய எச்சரிக்கைப் படம்.

“மாப்ளே, இது உலோகம் ஏறுன மாவு. மண்ணுல விட்டா அங்கனயே கெடக்கும்.”

“அடுப்புல போட்டு ஒரு எரி எரிச்சா போயிரும்ல மச்சான்?”

“ஆலையிலயும் எரிக்கத்தான் செய்றாங்க. அதுல ஒட்டுன கரிதான் எரியும். உலோகம் போகாது.”

“அப்பக் கழுவிர்றேன்.”

“கழுவுன தண்ணி ஓடைக்குத்தான போகும்?”

உள்ளே இருந்து தங்கச்சி வந்துவிட்டாள். “சாம்பலுக்கா நம்ம வீட்ல பஞ்சம்? மூணு வேளையும் நாந்தான அடுப்ப ஊதிக்கிட்டுக் கெடக்கேன்!”

மாப்பிள்ளை புரட்டிய விதையைப் பார்த்தார். எல்லாம் அவர் காட்டிலேயே விளைந்து, அவரே பொறுக்கி எடுத்த விதை. அதைத் தூக்கிப்போட்டால் அரைக் காட்டுக்குப் பூண்டு இல்லை. எவ்வளவு ஒட்டினால் எவ்வளவு கெடுதல் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

“வெளையற பூண்ட நீங்க திம்பீங்களா?”

“மாட்டேன் மாப்ளே.”

நான் சொன்னபடி மாப்பிள்ளை துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, புரட்டிய விதையை அள்ளி டிரம்முக்குள்ளேயே போட்டு மூடினார். ஆபத்தான கழிவு எடுப்பவர்களைத் தேடிச் சொல்வது என் பொறுப்பானது. அடுப்புக்கு மேல் மிச்சம் தொங்கியதை மேல்பாத்திகளில் நட்டார்கள். கீழ்ப்பாத்திகளுக்குப் பீன்ஸ்.

பீன்ஸ் விதை வாங்க மறுநாள் வெள்ளனே தங்கச்சியே கிளம்பினாள். மாப்பிள்ளையும் சட்டையை மாட்டினார்.

“நீங்க வீட்ல இருங்க. வழியில இன்னொரு டிரம் கண்ணுல பட்டுறப் போகுது.”


அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.