கீழ் லயத்துக்குப் போகாத குரல்

தவமலர் பயந்தாங்கொள்ளி. இதை நான் சொல்லவில்லை, எஸ்டேட்டே சொல்லும். அட்டைக்குப் பயந்து கொழுந்தெடுக்கப் போகமாட்டேன் என்று அடம்பிடித்துத்தான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்தாள் என்று வாய்க்கொழுப்பெடுத்த காளியண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். தானா ராத்தா டவுனுக்கு பஸ் ஏறினால் வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிடுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இவளுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

போன மழைக்காலத்தில் ஆட்கள் குடியிருக்கும் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே சரிவில் மண் வெடிப்பு விட்டது. எஸ்டேட் துரை உடனே ஒரு பெரிய ஸ்பீக்கரை வாங்கி லயத்தில் கட்டினார். அபாயம் வந்தால் அதை அடிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்ததும், கங்காணி ராதாகிருஷ்ணன் தவமலரைக் கைகாட்டினார்.

"தைரியசாலி இன்னும் கொஞ்சம் பாப்போம்னு நிப்பான். இது நிக்காது, அடிச்சிடும்," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனுஷன் கேலிக்காகச் சொல்லவில்லை.

ஸ்பீக்கர் தனி பேட்டரியில் ஓடும். அதை இயக்குவது மேட்டு ஆபீசில் இருந்த பழைய குட்டி லேப்டாப். தானா ராத்தாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரூபன் அதில் லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்திருந்தான். விரல் வைத்து நகர்த்தும் பட்டை செத்துப்போயிருந்ததால், கண்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் பதிவு செய்த அறிவிப்பு ஒலிக்கும்படி வைத்துக் கொடுத்தான். குரல் தவமலருடையது. "கீழ் லயத்து ஆளுங்க எல்லாரும் உடனே கோயிலுக்கு ஏறி வாங்க." ஒத்திகை நாளில் அந்தக் குரலின் நடுக்கத்தைக் கேட்டுப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காட்டும். அவள் மகள் ப்ரியாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அன்று காலையிலிருந்து கொட்டிய மழையில் மின்சாரம் போய்விட்டது. மலையில் வேலை இல்லை. ஆட்கள் எல்லாம் வீட்டுக்குள் கிடந்தார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த ப்ரியா, கீழ் லயத்தில் தவமலர் வீட்டில் கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். மருமகன் புவனேஸ் காய்கறி லோரியோடு கோலா தெர்லாவில் மாட்டிக்கொண்டான். மத்தியானம் ஆபீசில் இருந்த தவமலரின் வாக்கி டாக்கியில், சரிவைப் பார்க்கப் போயிருந்த ராதாகிருஷ்ணன் குரல் கரகரத்தது.

"தவம், வாய்க்கா தண்ணி செவப்பா வருது. வெடிப்பு வாயப் பொளக்குது. ஓடை பெருகிடுச்சு, நான் எறங்க முடியாது. அடிச்சிடு."

அமுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அமுக்கினாள். தகரக் கூரையில் மழைச் சத்தம்தான்.

திரையை உற்றுப் பார்த்தாள். லேப்டாப் உறைந்துபோகவில்லை, மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது. அணைத்துப் போட்டால் திரும்ப உயிர் வருமா என்பது அந்த மாரியாத்தாவுக்குத்தான் வெளிச்சம். மைக்கையாவது பிடித்துக் கத்தலாம் என்றால், திருவிழாவுக்கென்று கோயில்காரர்கள் வாங்கிப்போய், பழுதென்று கம்போங் ராஜா ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். மின்சாரம் போனதில் ப்ரியாவின் போனும் அக்கம்பக்கத்துப் போன்களும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தன.

கதவைப் பார்த்தாள். ஓடினால் மகளையும் பேரப்பிள்ளையையும் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம். கால் வாசல் வரை போயே விட்டது. பெற்ற வயிறு ஓடு ஓடு என்றது. ஆனால் மற்ற வீடுகள்? முட்டி மடங்காத கிழவி மணியம்மா? ஒவ்வொரு கதவாகத் தட்டி முடிக்கும்வரை மண் பொறுத்திருக்குமா? அழுதுகொண்டே திரும்பி வந்து ரூபனுக்குப் போன் போட்டாள்.

"ஆன்ட்டி, பதறாதீங்க லா. நம்பர் லாக் லைட்டு எரியுதா? எரிஞ்சா எம்முக்குப் பதிலா நம்பர்தான் போகும்."

"இல்லப்பா. சீக்கிரம் சொல்லு, எம்புள்ள கீழ இருக்கா."

"எம் கட்டை செத்துப்போச்சா பாப்போம். எழுதுற எடத்துல எம் மட்டும் அமுக்குங்க."

காலையில் அவள் கோயிலுக்கு அடித்த திருவிழா நோட்டீஸ் திரையில் திறந்தே கிடந்தது. அதில் எம் அமுக்கினாள்.

"ர வருதுப்பா."

"ரவா? ஆன்ட்டி, கீபோர்ட தமிழ்லயே விட்டுட்டீங்களா?"

விட்டுத்தான் இருந்தாள். நோட்டீஸ் அடிக்கத் தமிழுக்கு மாற்றியவள், திரும்ப மாற்றாமல் டீ ஆற்றப் போய்விட்டாள். லேப்டாப் எம் வரும் வரும் என்று காத்துக் கிடக்கிறது; இவள் அமுக்க அமுக்க அதற்குப் போய்ச் சேர்ந்தது ர. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ரெண்டு பக்கத்து ஷிப்டையும் ஒண்ணா அமுக்கி விடுங்க. மாறிடும். அப்புறம்..."

லைன் அறுந்தது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. ஒரு விரல் முந்தியது, ஒரு விரல் வழுக்கியது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இரண்டையும் சேர்த்து அமுக்கினாள். எம் தட்டிப் பார்த்தாள். ஆங்கில எழுத்து வந்தது. உடனே கண்ட்ரோல், ஆல்ட், எம்.

கீழே அவளுடைய நடுங்கும் குரல் ஒலித்தது.

லேப்டாப் அணையும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு வெளியே ஓடிவந்து பார்த்தாள். பாதையில் குடைகளும் பிளாஸ்டிக் பைகளைப் போர்த்திய தலைகளுமாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். ப்ரியா இல்லை. காளியண்ணன் மணியம்மாவை முதுகில் சுமந்து வந்தான். அப்போதும் ப்ரியா இல்லை. கடைசியாகத்தான் அவள் வந்தாள், குழந்தையைச் சுற்றிய துணிப்பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து.

அவர்கள் கோயிலை எட்டும்போது சரிவு இறங்கியது. தவமலர் வீட்டுச் சமையலறையும் பக்கத்து வீடுகளின் பின்கட்டும் மண்ணுக்குள் போயின.

கோயிலுக்குள் உட்கார்ந்ததும் ப்ரியா கேட்டாள்.

"ஏம்மா, நீ ஏன் ஓடி வரல? பச்ச ஒடம்புக்காரி நான் தனியா ஏறி வந்தேன்."

தவமலருக்கு உதடு கோணியது.

"வாச வரைக்கும் வந்தேன்டி. வந்திருந்தா உன்னய மட்டுந்தான் கூட்டிட்டு வந்திருப்பேன்."

ப்ரியா சுற்றிப் பார்த்தாள். மணியம்மா தூணில் சாய்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காட்டும் பிள்ளைகள் ஒரே துண்டுக்குள் ஒடுங்கி நின்றார்கள். ப்ரியா குழந்தையை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"பாத்துப் புடிம்மா, கை நடுங்குது," என்றாள். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.