உயில் எனக்கு, தோப்பு தம்பிக்கு

இதுவரை வாய்மூடி இருந்தது போதும்.

சொத்தெல்லாம் மூத்தவனான எனக்கே என்று அப்பா உயில் எழுதியிருந்தார். இன்று அதை வக்கீலிடம் காட்டினேன்.

"உயில் ரிஜிஸ்தர் ஆகலை. அது செல்லும்னு கோர்ட்டுல புரோபேட் உத்தரவு வாங்கிக்கிறதுதான் நல்லது. அதுவும் வீட்டுக்கு மட்டுந்தான். தென்னந்தோப்பை அவரு உசுரோட இருக்கையிலயே உங்க தம்பி பேருக்கு ரிஜிஸ்தர் பண்ணிட்டாரே! அது உயிலுக்குள்ள வராது."

திரும்புகையில் செம்பட்டி பஸ்ஸில் தம்பி அந்தோணி பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். தோளில் புதுத் துண்டு.

"வக்கீலு குமாஸ்தா சொன்னாரு, கோர்ட்டுக்கு அலையணுமாமேண்ணே? படிச்சவருக்கு உயிலு, படிக்காதவனுக்குத் தோப்பு. அப்பா சரியாத்தான் பிரிச்சிருக்காரு. வாங்க, இளநீ வெட்டித் தாரேன்."

உங்கள் வீட்டிலும் மூத்தவனுக்குக் காகிதம், இளையவனுக்குக் காய்தானா? பதிலை அடியில் எழுதுங்கள்.

பெயர் போட்டால் பொறாமை என்பார்கள். வாசகசாலைப் பலகையில் இதைக் கையெழுத்தில்லாமலே ஒட்டுகிறேன்.