செவ்வாய்க்கிழமைகளின் செலவு

இருபத்தாறு வருடமாக லிப்ட் பழுதுபார்ப்பவர் அவர். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று பேசி அமைதிப்படுத்துவதில் கம்பெனியில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவருடைய மகளுக்குப் பத்தொன்பது வயதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தாள். இப்படி முதல்முறையாக மனநோய் கண்ட இளைஞர்களுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு இருந்தது. மாத்திரை இலவசம். வாரம் ஒருமுறை, செவ்வாய் மாலையில், நர்ஸ் வீட்டுக்கே வருவார்.

"ஆரம்பத்துலயே கெட்டியா பிடிச்சுக்கிட்டா படிப்பு, வேலைன்னு பழையபடி திரும்பிடலாம். ரெண்டு வருஷம் மட்டும் நடுவுல விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

நர்ஸ் வரும்போது வீட்டில் யாராவது ஒருவர் மகளோடு உட்கார வேண்டும். மனைவி துணி ஆலையில் காலர் தைப்பவர். ஒருநாள் போகாவிட்டால் அந்த மாத ஊக்கத்தொகை போய்விடும். ஆகவே செவ்வாய் மாலைகள் இவர் தலையில் விழுந்தன. அவசர அழைப்புக்குப் போனால் கம்பெனியில் தனிப்படி உண்டு. செவ்வாய் மாலை அழைப்புகளெல்லாம் வேறு ஆளுக்குப் போயின.

பல் டாக்டரைப் பார்ப்பதாக மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தார்.

"மூணு மாசமா பல் வைத்தியம்னா, முப்பத்திரண்டும் கொட்டியிருக்கணுமேண்ணே!"

என்று அவர் ஒருநாள் கேட்க, கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அக்கம்பக்கத்தில் வேறு பொய். நர்ஸை இன்சூரன்ஸ்காரம்மா என்று சொல்லிவைத்தார். கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் படிக்கட்டிலேயே, இவரோடு ஏறிவந்த நர்ஸை மறித்து, "எனக்கும் ஒரு பாலிசி போட்டுத் தாங்களேன்" என்றார். நர்ஸ் ஒரு நொடி இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்மா" என்றார். உள்ளே வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது இவருக்கு.

எட்டு மாதத்தில் மகள் தேறினாள். கல்லூரிக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். அந்த வாரம் புதிதாகக் கட்டிய பெரிய வளாகத்தின் லிப்ட் பொறுப்பு, இவரைவிட இளையவர் ஒருவருக்குப் போயிற்று. 'செவ்வாய்க்கிழமை ஆள் கிடைக்கமாட்டார்' என்று காரணம் சொன்னார்கள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், மகள் பூரண நலம், இனி யாரும் வரத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றார் நர்ஸ்.

"அவதான் சொல்லச் சொன்னா. உங்களைப் பாத்தா நோய் ஞாபகம் வருதாம். கூப்பிடக்கூட வேண்டாம்னா."

வீட்டில், "அவங்களுக்கு வேற கேஸ் கொடுத்துட்டாங்களாம்" என்றார். மனைவி நம்பினாள். மகள், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?" என்று மட்டும் கேட்டாள்.

நர்ஸ் வராததால் மாத்திரையை ஞாபகப்படுத்த ஆளில்லை. இரண்டே மாதத்தில் மகள் அதை நிறுத்திவிட்டாள். ஐந்தாம் மாதம், நடுச்சாலையில் வெறுங்காலுடன் நின்று வண்டிகளை நிறுத்தி நம்பர் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தவளைப் போலீஸ்காரர்கள் கூட்டிவந்தார்கள். நாற்பத்தொரு நாள் வார்டில் கிடந்தாள். கூடவே இருந்ததில் மனைவிக்கு ஊக்கத்தொகை அல்ல, வேலையே போயிற்று. மகளுக்கு ஒரு வருடப் படிப்பு போயிற்று. இத்தனைக்குப் பிறகும் இவர் வாய் திறக்கவில்லை. வார்டிலிருந்து அதே பிரிவில் மறுபடி சேர்த்தபோது, எங்கே நர்ஸ் மகளிடம் சொல்லிவிடுவாரோ என்று இருவரையும் தனியே விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நர்ஸ் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பிரிவையே மூடலாமா என்று ஆலோசனை நடந்தது. குடும்பங்களை வரச் சொன்னார்கள். மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க, இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கணக்கு அதிகாரி தாளைப் புரட்டினார்.

"ஒரு நர்ஸுக்கு வாரம் பத்து வீடுதான். கட்டுப்படியாகலை. செலவு பண்ணியும் பிரயோஜனம் இருக்கான்னா, இதோ ஒரு கேஸ். எட்டு மாசம் வீட்டுக்குப் போயிருக்காங்க. அப்புறமும் நாப்பத்தொரு நாள் வார்டு. வீட்டுக்குப் போன செலவும் வீணாச்சு, வார்டு செலவும் சேர்ந்துடுச்சு."

பெயர் சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தொன்று என்றதும் மகள் தலை குனிந்தாள். தன்னால்தான் பிரிவு மூடப்படுகிறது என்று அவள் நினைப்பது இவருக்குத் தெரிந்தது. நர்ஸ் மடியிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் இவருடைய கடிதம் இருந்தது. எடுத்துக் காட்ட அவருக்கு ஒரு நிமிடம் போதும்; எடுக்கவில்லை.

இவர் எழுந்தார். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அது என் பொண்ணு. அந்தச் செலவை இந்தப் பிரிவு மேல எழுதாதீங்க. நான்தான் நர்ஸம்மாவை வர வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன். பொண்ணு சொன்னான்னு பொய் சொன்னேன். படிக்காசு போகுதேன்னும், நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னும்... அவளுக்குத் தெரியாது. என் சம்சாரத்துக்கும் தெரியாது."

மனைவி இவரை ஏறிட்டுப் பார்த்த பார்வைக்கு, லிப்ட் குழி ஒன்று காலடியில் திறந்தால் தேவலை போலிருந்தது.

பஸ்ஸில் தாயும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் இடம் இருந்தும் இவர் நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போது மகள் சொன்னாள்: "நான் என்ன தப்பு பண்ணேன், ஏன் நர்ஸ் அக்கா சொல்லாமப் போனாங்கன்னு அஞ்சு மாசம் யோசிச்சுட்டே இருந்தேன்ப்பா. திரும்பி வந்தப்பவும் கேக்க பயம். கேட்டா மறுபடி போயிடுவாங்களோன்னு."

இவர் அவளுக்குப் பின்னால் இறங்கி நடந்தார்.

பிரிவை மூடவில்லை, ஒரு நர்ஸைக் குறைத்ததோடு விட்டார்கள். கூட்டத்துக்கு மறுநாளே இவர் மேற்பார்வையாளரிடம், "பல்லும் இல்லை, ஒண்ணும் இல்லை. என் பொண்ணுக்கு மனநோய்" என்றார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, "இனி செவ்வாய்க்கிழமை உங்களைக் கூப்பிடவே மாட்டேண்ணே" என்றார்.

ஆனால் வீட்டில் இப்போது நர்ஸுடன் மனைவிதான் உட்காருகிறாள். மகள் அப்படித்தான் கேட்டாள். ஜெராக்ஸ் கடையில் அரைநாள் வேலைக்குப் போகிறாள். இவரிடம் பேசுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். செவ்வாய் மாலை மட்டும், "நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்கப்பா" என்கிறாள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். படிக்கட்டில் கீழ்வீட்டு அம்மாள் நின்றால், "மேல நர்ஸம்மா வந்திருக்காங்க" என்று தானாகவே சொல்லிவிட்டுப் போகிறார்.