வேறு கை சுற்றிய டேப்

எங்கள் மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியனைத் தெருவே ‘டெஸ்டர்’ என்றுதான் கூப்பிடும். மெயினை அவரே அணைத்திருப்பார், ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டிருப்பார். அப்படியும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் வயரைத் தொடமாட்டார். “ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னவனை நம்பினவன் எல்லாம் இன்னிக்கு போட்டோவுல தொங்குறான்” என்பார். கரண்டை மட்டுமா? தன் நிழலைக்கூட நம்பாத மனுஷர். நான் கீழிருந்து கொக்கி போட்டுக் கரண்ட் திருடிவிடுவேனோ என்று மீட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். எனக்கு அதில் ரொம்ப நாள் கோபம் இருந்தது.

மச்சினனோடு அவருக்குப் பேச்சு நின்றதும் இந்தக் குணத்தால்தான். டெஸ்டரின் மனைவியை நான் அக்கா என்பேன், அந்த அக்காவின் தம்பிக்கும் இதே தொழில். “உன் கைவேலை சுத்தமில்ல” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் இந்தப் படி ஏறியதில்லை என்றுதான் டெஸ்டர் நினைத்திருந்தார்.

அன்று காலையில் சட்டை தேய்க்க இஸ்திரிப் பெட்டியை எடுத்திருக்கிறார். வயர் நடுவில் அவரே போட்ட ஜாயின்ட் ஒன்று உண்டு. அவர் டேப்பை மெலிசாகச் சுற்றி நுனியை மடித்துவிடுவார். இதுவோ கட்டுப்போட்ட விரல் மாதிரி தடித்திருந்தது.

“எவன் வந்தான் வீட்டுக்கு?”

மாடியில் பேசினால் எங்கள் கூடத்தில் தெளிவாகக் கேட்கும்.

“யாரும் வரலையே” என்றாள் அக்கா.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. இது என் கை இல்ல!”

விசிறி, காலிங்பெல் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கும் சத்தம் கேட்டது. எங்கும் அதே தடித்த டேப் போலிருக்கிறது, திட்டு வளர்ந்துகொண்டே போனது.

“என் தம்பிதான் வந்தான். நான்தான் கூப்பிட்டேன்” என்றாள் அக்கா.

“என் முதுகுக்குப் பின்னாலயா?”

“பெட்டியைத் தொட்டதும் என்னைத் தூக்கி அடிச்சுதுங்க. கரண்ட் வர்ற சிவப்பையும் எர்த்துக்குப் போற பச்சையையும் மாத்தி முறுக்கி வெச்சிருந்தீங்க.”

“யாரு, நானா? மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே வயர் உரிச்சவன்டி நான்!”

“சரி. இந்த ரெண்டு வயர்த் துண்டையும் உங்க பையிலேர்ந்துதான் எடுத்தேன். இதுல பச்சை எது?”

“இதோ, இது.”

“ரெண்டுமே சிவப்புங்க.”

தடதடவென்று படியிறங்கி வந்தார். இரண்டு வயர்த் துண்டுகளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “தம்பி, அவளுக்குப் பயந்துக்காம சொல்லு. இது என்ன கலர்?”

பொய் சொல்லத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. “ரெண்டும் சிவப்புதாண்ணே.”

வாசல் வெயிலுக்குப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் சொல்லும், நிறத்தைச் சொல்லாது. திடீரென்று பேயறைந்தவர் போல ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“நேத்து டீச்சர் வீட்டுக் குளியலறையில ஹீட்டர் மாட்டினேன். கைக்குழந்தை இருக்கிற வீடு!”

அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். “பதறாதீங்க. என் தம்பி நேத்தே போய்ச் சரி பண்ணிட்டான்.”

“அப்ப அதுலயும் மாத்திட்டேனா?”

அக்கா தலையாட்டினாள்.

“அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம்?”

“நீங்க போன வீட்டுக்கெல்லாம் அவனும் பின்னாடியே போயிட்டுதான் இருக்கான்.”

டெஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, பூட்டெல்லாம் மறந்தே போயிற்று.

“டீச்சர் வீட்டுக்கு இன்னொரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லு” என்றார். “அவன் கைவேலை சுத்தமில்ல.” சொல்லிக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.