கொம்புப் பிடியும் சிப்பிப் பிடியும்

இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலேயுள்ள தோட்டம் ஒன்றில் தவரணைக் கங்காணியாக இருந்தவர் அழகுமுத்து. தேயிலைக் கன்று வளர்க்கிற இடம்தான் தவரணை. தாய்ச்செடியில் கொப்பை வெட்டி, ஒரு கணுவும் ஒரு இலையுமாகத் துண்டு போட்டு மண்ணில் ஊன்ற வேண்டும். வெட்டு நசுங்கினால் துண்டு அழுகிவிடும். அதனால் அவருக்குக் கத்திமேல் அக்கறை இருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் வேலைக்கு ஒரு கத்தி போதுமே. அழகுமுத்துவிடம் ஏழு இருந்தன. ஏழும் மடக்குக் கத்திகள். எண்ணெய் தடவி, ஃபிளானல் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் தன் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறப்பார், மடக்குவார், திரும்ப உள்ளே வைப்பார். அவற்றால் எதையும் வெட்டமாட்டார். "இதெல்லாம் எதுக்குங்க?" என்று மனைவி சண்முகவடிவு ஒரு தடவை கேட்டாள். வெகுநேரம் யோசித்துவிட்டுத் தெரியவில்லை என்றார். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

1962இல் தோட்டத்தை நடத்திவந்த வெள்ளைக்காரப் பெரியதுரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்படத் தயாரானார். ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் அழகுமுத்துவைப் பங்களாவுக்கு வரச் சொன்னார். மேசைமேல் இரண்டு மடக்குக் கத்திகள் இருந்தன. ஒன்று மான்கொம்புப் பிடி போட்டது, ஷெஃபீல்டில் செய்தது, உள்ளங்கையை நிறைக்கிற கனம். இன்னொன்று ஜெர்மனியில் செய்தது. முத்துச்சிப்பி பதித்த பிடி, மெல்லிசு, துருப்பிடிக்காத இரும்பு. திறந்தால் பூட்டிக்கொள்ளும், பின்பக்கம் அமுக்கினால்தான் மடங்கும். இரண்டும் துரைக்குப் பரிசாக வந்தவை. இருபது வருஷமாக இழுப்பறையிலேயே கிடந்தனவாம்.

"பத்து நாள் ரெண்டையும் பையில வச்சுப் பாரு. எது நல்லதுன்னு சொல்லு. அத நான் கொண்டு போறேன். மத்தது உனக்கு" என்றார் துரை.

அழகுமுத்து கும்பிட்டுவிட்டு, கோட்டின் இரண்டு பைகளிலும் ஒவ்வொன்றைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பாதி வழியில்தான் துரை சொன்னதன் அர்த்தம் உறைத்தது. நல்லது என்று தான் எதைச் சொல்கிறாரோ அது தன் கைவிட்டுப் போய்விடும்.

முதல் மூன்று நாள் அந்த நினைப்பைத் தள்ளிவைத்துவிட்டு வேலையில் இறங்கினார். கொம்புப் பிடி சாணைக்கல்லில் நாலு இழுப்பிலேயே கூர் ஏறியது. கொப்பில் வைத்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஆனால் தேயிலைச் சாறு பட்டுச் சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டது. கோட்டுப் பையும் கீழே இழுத்துத் தொங்கியது. சிப்பிப் பிடி பையில் இருப்பதே தெரியவில்லை. மழையில் நனைந்தும் பளபளவென்றே இருந்தது. கூர் மட்டும் லேசில் ஏறவில்லை. ஏறிய கூரோ போவதாகவும் இல்லை.

நாலாம் நாள் கொம்புப் பிடிதான் உசத்தி என்று தீர்மானித்தார். மனம் லேசானது. உடனே அந்த லேசின்மேலேயே சந்தேகம் வந்தது. சிப்பிப் பிடி தனக்குக் கிடைக்குமே என்றுதானே இந்தச் சந்தோஷம்? ஆசைப்பட்டு அல்லவா தீர்ப்புச் சொல்கிறோம்? மறுநாள் சிப்பிப் பிடிதான் உசத்தி என்று மாற்றினார். அப்போதும் சந்தோஷமாகவே இருந்தது. அது இன்னும் குழப்பிவிட்டது.

சோற்றுத் தட்டின் முன்னால் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் சண்முகவடிவு விசாரித்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"பிடிச்சத வச்சுக்கிட்டு மத்தத நல்லதுன்னு சொல்லிட்டு வாங்களேன்."

"எது பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சாத்தானே பொய்யாச்சும் சொல்லலாம்" என்றார் அவர்.

ஏழாம் நாள் கொம்புப் பிடி கடித்துவிட்டது. கொப்பில் சிக்கிய முனையை நெம்பினார். அது சட்டென்று மடங்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. பக்கத்தில் துண்டு ஊன்றிக்கொண்டிருந்த தவரணை வேலைக்காரி அம்மாக்கண்ணு முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்று தையல். கத்தியின் குற்றமா, முனையால் நெம்பிய தன் குற்றமா என்று தையல் போடும்போதே யோசித்தார். பூட்டு இல்லாததால்தானே மடங்கியது? ஆனால் கத்தியால் எதையும் நெம்பக்கூடாது என்று பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தானே?

அன்றிலிருந்து சிப்பிப் பிடிமேல் ஆசை வந்தது உண்மை. அது வேண்டுமென்றால், விரலைக் கடித்ததை உசத்தி என்று சொல்ல வேண்டும். நடந்ததைச் சொன்னால் துரை பூட்டுள்ளதை எடுத்துக்கொள்வார். விரலில் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டுப் போகலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

பத்தாம் நாள் கட்டோடுதான் போனார். கறுப்பு, கனம், கூர், தையல் எதையும் விடாமல் சொன்னார். தான் முனையால் நெம்பியதையும் சொன்னார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, எது நல்லது?" என்றார்.

"இவ்வளவுதாங்க தொரை எனக்குத் தெரியும். எது நல்லதுன்னு மட்டும் தெரியலங்க."

துரை அவருடைய விரலைப் பார்த்தார். பிறகு சிப்பிப் பிடியை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். கொம்புப் பிடியை அழகுமுத்துவின் கையில் வைத்து, பத்திரம் என்றார். பேச்சு அவ்வளவுதான்.

வருத்தப்படவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, வருத்தம் வரவில்லை. சந்தோஷமா என்று தேடிப்பார்த்தார்; அதுவும் பிடிபடவில்லை. வீட்டில் சண்முகவடிவு, "கிடைச்சிருச்சா?" என்று கேட்டதற்குக்கூட, "என்னமோ ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றுதான் சொல்ல முடிந்தது.

கொம்புப் பிடியை டின்னில் எட்டாவதாக வைத்தார். இரண்டு வாரத்தில் எடுத்துக் கோட்டில் போட்டுக்கொண்டார். மறுபடியும் டின்னில் வைத்தார். தோட்டத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் சோலைமலை வீட்டுக்கு வந்தபோது, அந்த ரெண்டு கத்தியில் எதுதான் உசத்தி என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அழகுமுத்து பதில் சொல்ல ஆரம்பித்தார். கூரைப்பற்றிச் சொல்லி, பூட்டைப்பற்றிச் சொல்லி, தன் விரலைப்பற்றிச் சொல்லும்போது தேத்தண்ணி ஆறிவிட்டது. சோலைமலை தலையாட்டிக்கொண்டே எழுந்து அடுத்த லயத்துக்குப் போனார். அழகுமுத்து அதற்குப் பிறகும் கொஞ்சநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.